பிசிறு வேறு, ஊசிமுனை வேறு

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் குவாலிட்டி பார்க்கிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்கள். 3,000 டீ-சர்ட் பேக்கிங் முடிந்து அட்டைப்பெட்டிகளில் அடுக்கி நிற்கிறது. பைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு பையர் தரப்பிலிருந்து ஆள் வருகிறார். 3,000-ஐயும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்டிகளைக் கைகாட்டுவார். அதிலிருந்து 125 பீஸ் எடுத்து மேஜையில் போடுவோம். பெரிய குறை, அதாவது மேஜர், 7 வரைக்கும் இருக்கலாம். எட்டாவது வந்தால் மொத்த லாட்டும் பெயில். மைனர் என்கிற சின்னக் குறை 10 வரைக்கும் இருக்கலாம். 11 ஆனால் பெயில். கிரிட்டிக்கல் என்று இன்னொரு வகை உண்டு, போடுகிறவருக்கே ஆபத்தான குறை. அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளத்தக்க தர வரம்பு, என்று இதற்குப் பெயர். நான் பார்த்த பையர்களில் பெரும்பாலோர் மேஜருக்கு 2.5, மைனருக்கு 4 என்று வைத்திருப்பவர்கள். ஐஎஸ்ஓ 2859-1 என்ற தரநிலையில் இதற்கான அட்டவணை இருக்கிறது; மேலே சொன்ன 7-ம் 10-ம் அதில் பார்த்து எடுப்பவைதான். இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. அதற்குக் காரணம் எளிமையானது. ஒரு தோட்டா வெடிக்குமா என்று வெடித்துப் பார்த்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் வெடித்துப் பார்த்துவிட்டால் போர்முனைக்கு அனுப்ப என்ன மிஞ்சும்?

குவாலிட்டியில் இருக்கிறேன் என்று சொன்னால், துளிக் குறையும் பொறுக்காத ஆள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வேலையே எவ்வளவு குறையைப் பொறுக்கலாம் என்று தெரிந்து வைத்திருப்பதுதான். அந்த அளவையும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே பேசி, எழுதி, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டாக வேண்டும். பீஸைக் கையில் எடுத்த பிறகு "ஏழு என்ன ஏழு, அஞ்சுக்கு மேல போனாலே பெயில்" என்று ஒரு இன்ஸ்பெக்டர் சொன்னால் அவரை யாரும் கறாரானவர் என்று பாராட்ட மாட்டார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு விதியை மாற்றுகிறார் என்பார்கள்.

எல்லாம் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும் என்கிற குணம் உள்ளவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வது இதைத்தான். எனக்கும் அந்தக் குணம் உண்டு; என்னைப் போல இந்தத் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. வீடு கூட்டியாகிவிட்டது, ஆனாலும் மூலை கண்ணில் படுகிறது. மெயில் எழுதியாகிவிட்டது, ஆனாலும் மூன்றாவது வரி உறுத்துகிறது. எட்ட வேண்டிய இடத்தை எட்டிய அந்த நிமிஷமே இடம் தள்ளிப் போய்விடுகிறது. 2002-இல் ராஸ் ஷாஃப்ரன், ஜாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் குணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கஷ்டப்பட்டு ஓர் அளவை எட்டிவிட்டால், "எட்ட முடிந்ததென்றால் அது லேசான அளவாகத்தான் இருந்திருக்கும்" என்று இவர்கள் அதை உயர்த்திவிடுகிறார்கள் என்று அதில் சொல்கிறார்கள். படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தன்னுடைய மதிப்பு முழுவதையும் அந்த அளவை எட்டுவதிலேயே கொண்டுபோய் வைத்திருப்பதும், உடம்பும் மனசும் கெட்ட பிறகும் அதை விட முடியாமல் இருப்பதும்தான் சிக்கல் என்பது அவர்கள் கருத்து. உயர்ந்த தரம் வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. அது எங்கே நிற்கும் என்று ஒரு கோடு இல்லாததுதான் ஆளைத் தின்கிறது.

ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர் இதையே வேறு பக்கமிருந்து சொன்னார். 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். இருக்கிற எல்லா வழிகளையும் அலசி ஆகச் சிறந்ததைத் தேடிப்பிடிக்க மனிதனுக்கு நேரமும் கிடையாது, மூளையும் கொள்ளாது. இவ்வளவு இருந்தால் போதும் என்று முதலில் வைத்துக்கொண்டு, அதை எட்டுகிற வழி கிடைத்ததும் எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை என்றார். கொங்கு நாட்டில் இதைப் பட்டறைக்குப் பட்டறை செய்துகொண்டுதான் இருக்கிறோம். கோயம்புத்தூரில் எந்த லேத்துக்குப் போனாலும் டிராயிங்கில் அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட்டு, இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று டாலரன்ஸ் இருக்கும். அது இல்லாத டிராயிங்கை டர்னர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இனி ஊசிக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததில் முக்கியமான பாதி அதுதான்.

தைத்துக்கொண்டிருக்கும்போது ஊசி உடைந்தால் அந்த டெய்லர் உடனே மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வருவார். உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்தாக வேண்டும். மெஷின் பல்லுக்கு இடையில், மேஜையில், துணி மடிப்பில், தரையில் என்று காந்தத்தை வைத்துத் தடவித் தேடுவார்கள். கிடைத்ததை ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசி நீளம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் அந்தத் துண்டுகளை செல்லோ டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டி, பக்கத்தில் தேதி, நேரம், மெஷின் நம்பர், கையெழுத்து. இவ்வளவும் ஆன பிறகுதான் புது ஊசி. ஒரு சின்ன முனை கிடைக்கவில்லை என்றாலும் அங்கே இருக்கிற பீஸ் அத்தனையும் தனியே எடுத்து, உலோகத் துண்டைக் காட்டிக்கொடுக்கிற நீடில் டிடெக்டரில் விடப்படும். அந்த ரிஜிஸ்டரைப் புரட்டினால் பக்கம் பக்கமாக மினுமினுவென்று உடைந்த ஊசிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஏதோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போடப்போகிற சட்டை அது. இதில் ஏழு வரைக்கும் பரவாயில்லை என்ற பேச்சே கிடையாது.

அதே சட்டையின் பக்கவாட்டுத் தையலில் ஒரு சென்டிமீட்டர் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அது மைனர். டிரிம்மர் எடுத்து வெட்டினால் தீர்ந்தது. வெட்டாமல் ஒன்றிரண்டு போனாலும் லாட் போகும்.

இரண்டும் குறைதான். ஆனால் பிசிறைப் பார்க்கிற கண்ணும் ஊசிமுனையைத் தேடுகிற கண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு நாள் வேலையை முடிக்க முடியாது. பிசிறின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறவர் சாயங்காலம் களைத்துப் போய், ஊசி ஓட்டை விழுந்த பீஸை நல்ல பீஸ் பக்கம் தள்ளிவிடுவார். செக்கிங் மேஜையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். "இப்படியெல்லாம் விட்டுக்கொடுத்தால் தரம் குறைந்துவிடாதா" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். கவனம் அளவாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி செலவழித்தால் முக்கியமான இடத்துக்கு வரும்போது தீர்ந்து போயிருக்கும்.

தாமதமும் ஒரு குறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் கிளம்புகிற தேதிக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை என்றால், சட்டை எவ்வளவு அழகாக இருந்து என்ன? விமானத்தில் ஏற்ற வேண்டியதுதான். அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழுந்தால் அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று இருக்காது. வீட்டிலும், எழுத்திலும், படிப்பிலும் "இன்னும் சரியா வரட்டும்" என்று தள்ளிப்போடுகிற எல்லாவற்றுக்கும் ஒரு கப்பல் இருக்கிறது.

வீட்டில் நான் செய்வது அதிகமில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கிரிட்டிக்கல், மேஜர், மைனர் மாதிரி மூன்று பத்தி. முதல் பத்தியில் கேஸ் சிலிண்டர் வால்வு, மாமாவுடைய பிரஷர் மாத்திரை, வண்டியில் ஏறினால் ஹெல்மெட், பாப்பாவைக் கூட்டி வருகிற நேரம். நான்கே வரி. இதில் எந்த நாளும் எந்தச் சமாதானமும் இல்லை. இரண்டாவது பத்தியில் சாப்பாடு நேரத்துக்கு இருப்பது, ஃபீஸ், கரண்ட் பில், தூக்கம், யாரிடமும் எரிந்து விழாமல் இருப்பது. இதில் வாரத்தில் ஒன்றிரண்டு தவறும். தவறினால் அடுத்த நாள் பார்த்துக்கொள்வோம். மூன்றாவது பத்திதான் நீளம். துணி மடிப்பு, சோபா உறை, அடுப்பு மேடை ஓரம், டிபன் பாக்ஸில் இரண்டாவது பொரியல், வாட்ஸப்பில் வந்த வாழ்த்துக்குப் பதில். இவ்வளவு நாளும் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தவை அத்தனையும் இந்தப் பத்தியில்தான் இருக்கின்றன. எழுதி முடித்து எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "மூணாவதப் பாத்தா ஒரு ஆள் சம்பளத்துக்கு வெக்கலாம் போல இருக்குதே" என்றார். உண்மைதான், ஒரு முழு ஆளின் வேலை அது.

இந்தத் தாளை எழுத ஒரு மணி நேரம் ஆகும். பழக்கமாக்குவதற்குத்தான் நாள் பிடிக்கும். அதற்கு ஒவ்வொரு நாளும் சின்னச் சின்னதாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே நாளில் குணத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று கிளம்புவதும் அதே குணத்தின் வேலைதான்.

வார நாட்களில் ராத்திரிக்கு அரிசிம்பருப்பு. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் கழுவி ஊற வைத்துவிட்டு, குக்கரில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் கை நிறைய, நான்கு பல் பூண்டு, ஒரு தக்காளி. வெங்காயத்தைப் பொடியாக நறுக்க வேண்டியதில்லை, முழுசாகப் போட்டால்தான் ருசி. மஞ்சள் தூள், கொஞ்சம் சாம்பார் பொடி, உப்பு. அரிசி பருப்பைப் போட்டுத் தண்ணீர் விட்டு மூடினால் மூன்று விசில். ஆவி அடங்கித் திறக்கும்போது நெய் ஒரு ஸ்பூன். தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும் சுட்ட அப்பளமும். குழம்பு, ரசம், பொரியல் என்று நான்கு போசி, அதாவது பாத்திரம், வைத்து நிமிர்வதற்கும் இதற்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி ஒரே போசியில் ஆகிற சாப்பாடுதான் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டோம். முன்கூட்டியே என்பதுதான் முக்கியம். ஏழு மணிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு "இன்னைக்கு ஒரு பொரியலாவது வைக்காட்டி நல்லாவா இருக்கும்" என்று மனசு கேட்கும்போது பதில் ஏற்கெனவே எழுதியிருக்கும். அத்தை முதலில் முகம் சுளித்தார். "தினமும் அதேவா?" என்றார். தினமும் அதேதான் என்று இல்லை, ஒரு நாள் கொள்ளும்பருப்பும் ஒரு நாள் சந்தகையும் வரும். ஆனால் ஒரு போசிக்கு மேல் கழுவ வராது.

மெயிலுக்கு ஒரு வட்டம். இதை எங்கள் செக்கிங் மேஜையில் இருக்கிற மூத்த அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஒரு சட்டையைச் சோதிக்க ஒரு வரிசை உண்டு. கழுத்தில் தொடங்கி வலது தோள், கை, கை ஓரம், பக்கத் தையல், அடி மடிப்பு, இடது பக்கம் வழியாக மேலே வந்து மறுபடி கழுத்து. அப்புறம் உள்பக்கம் திருப்பி அதே சுற்று. புதிதாக வருகிற பிள்ளைகள் சுற்று முடிந்த பிறகும் பீஸைக் கீழே வைக்க மாட்டார்கள். மறுபடி தோளைப் பார்ப்பார்கள், மறுபடி அடியைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு பிள்ளையிடம் அந்த அக்கா சொன்னார்: "ஏங்கண்ணு, அந்த ஒரு பீஸையே கட்டிக்கிட்டிருந்தா மத்தத யாரு பாக்கறது? வட்டம் முடிஞ்சா கைய வுட்டுரோணும்." பெயர், தேதி, எண்ணிக்கை, இணைப்பு, கடைசி வரி என்று என் மெயிலுக்கும் ஒரு சுற்று வைத்துக்கொண்டேன். விலை பேசுகிற மெயிலுக்கு இரண்டு சுற்று. மற்றதெல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் போய்விடும்.

ஒன்பதரைக்கு அடுப்படி சாத்தப்படும். தொட்டியில் இரண்டு டம்ளர் கிடந்தாலும் சரி. இதைச் செய்வது மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கடினம். இந்தக் குணத்துக்குச் சிகிச்சை தருகிற உளவியலாளர்கள் கையாளுகிற ஒரு முறை இங்கே உதவியது. ஒன்றை வேண்டுமென்றே குறையாக விட வேண்டும்; விடுவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று நாம் பயப்படுகிறோமோ அதை எழுதி வைக்க வேண்டும்; அப்புறம் உண்மையில் என்ன ஆனது என்று பக்கத்தில் எழுத வேண்டும். நான் எழுதியது: "காலையில் அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்." காலையில் அத்தை எழுந்தார், அந்த டம்ளரில் ஒன்றைக் கழுவித் தனக்குக் காபி ஊற்றிக்கொண்டார், பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது மனசுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்கிறது. மனசுக்குள்ளேயே நினைத்துக்கொண்டால் இது நடப்பதில்லை, எழுதினால் நடக்கிறது.

அப்புறம் நடை. தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்த் திரும்பினால் பத்து நிமிஷம். ஷிப்மென்ட் வாரத்தில் இது தவறிவிடும்; தவிர்க்க முடியாது. முன்பெல்லாம் எனக்குத் தெரிந்த பலரும் நடையை விட்டது நடக்க முடியாமல் இல்லை, ஒரு நாள் தவறியதால். தொடர்ச்சி அறுந்துவிட்டது, இனி எதற்கு என்று ஷூவை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். இதற்கு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டோடு ஒரு பழம், காலையில் கொஞ்சம் நடை என்பது போல ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். 2010-இல் அது வெளியானது. யோசிக்காமலே கை போகிற அளவுக்குப் பழக்கமாவதற்கு, நடுவில் நிற்கிற ஆளை எடுத்துக்கொண்டால், 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. 21 நாளில் எதையும் பழக்கிவிடலாம் என்று ஊரெல்லாம் சொல்கிற கணக்கு அங்கே நிற்கவில்லை. என்னைக் கவர்ந்தது இன்னொரு முடிவு. நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாக ஒன்றும் கெடவில்லை.

தவறிய பிறகு "இனி எல்லாம் போச்சு" என்று கையை விரிப்பதுதான் கெடுக்கிறது. 1975-இல் நடந்த ஒரு சோதனை உண்டு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி உடம்பைப் பார்த்துக்கொள்கிற மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமைத் தாராளமாக முன்னால் வைத்தார்கள். மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிட, குடித்தவர்கள்தான் ஐஸ்கிரீமை அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஏற்கெனவே உடைந்துவிட்டது, இனி என்ன என்ற எண்ணம். சோதனையை நடத்தியவர்களில் ஒருவர் பீட்டர் ஹெர்மன். அவரும் ஜேனட் பொலிவியும் இந்தப் போக்கைப் பற்றிப் பின்னர் நிறைய எழுதினார்கள். ஒரு குறை வந்ததும் லாட்டையே தூக்கி எறிகிற புத்தி என்று எங்கள் பாஷையில் சொல்வேன்.

என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், காங்கேயத்துக்குப் பக்கத்தில் மாடு வைத்திருந்தார். விடியக்காலையிலும் பொழுது சாயும்போதும் கட்டுத்தரையைக் கூட்டுவார். நடுவில் மாடு சாணி போட்டால் போட்டதுதான். லீவுக்குப் போயிருந்தபோது சின்னப்பிள்ளையாக நான் சீமாற்றை எடுத்துக்கொண்டு ஓடுவேன். "வுடு சாமி, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வார். அவருக்கு இரண்டு வேளை என்பது இரண்டு வேளைதான். அந்த இரண்டு வேளையையும் காய்ச்சல் என்று படுத்தால் ஒழிய அவர் விட்டு நான் பார்த்ததில்லை.

கொங்கு நாட்டுக்கு, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்கிற இந்தக் குணம் எங்கிருந்து இவ்வளவு வந்தது என்று யோசிப்பதுண்டு. உழைப்பை மதிக்கிற ஊர் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் பெருகிய காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். 200-க்கு 198 வாங்கி வந்த பிள்ளையிடம் அந்த இரண்டு மார்க் எங்கே என்று கேட்ட வீடுகள் ஏராளம். மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. அதை நான் முழு மனசோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி வீடுகளில் இன்னும் ஓயவில்லை. கனடாவில் பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற இருவர் 1991-இல் இந்தக் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நம்மிடம் நாமே எதிர்பார்ப்பது, பிறரிடம் நாம் எதிர்பார்ப்பது, பிறர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நம்புவது. மூன்றாவதைத்தான் நாம் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறோம். தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை கல்லூரி மாணவர்கள் 40,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது மூன்றுமே கூடியிருந்தன. அதிலும் மிக அதிகமாக, 33 சதவீதம், கூடியது இந்த மூன்றாவதுதான். அவர்கள் அளந்தது அந்த ஊர்ப் பிள்ளைகளை. நம் ஊரில் அளந்தால் குறைவாக வரும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பாப்பா நான்காவது படிக்கிறாள். ஒரு பக்கத்தில் ஓர் எழுத்து பிசகினால் ரப்பரை எடுத்துத் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். ராத்திரி பத்து மணிக்குத் தூக்கமும் அழுகையுமாக, "அம்மா, இதையும் கிழிச்சுட்டு எழுதட்டுமா?" என்பாள். எங்கள் கம்பெனி ரிஜிஸ்டரை ஒரு நாள் போட்டோ எடுத்து வந்து காட்டினேன். குவாலிட்டி ரிஜிஸ்டரில் ரப்பர், ஒயிட்னர் எதுவும் கூடாது. தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடிட்டுக்கு வருகிறவர் அடித்தல் திருத்தலே இல்லாத ரிஜிஸ்டரைப் பார்த்தால்தான் சந்தேகப்படுவார். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய ரிஜிஸ்டர் அது என்று அவருக்குத் தெரியும். பாப்பா போட்டோவைப் பெரிதாக்கி வெகு நேரம் பார்த்தாள். "பெரியவங்களும் அடிச்சு எழுதுவாங்களா?" என்று கேட்டாள். அவளுடைய வகுப்பு டீச்சரிடம் பேசினேன். ஒரு கோடு போட்டு அடித்தால் மார்க் குறைக்க மாட்டேன் என்று அவரும் சொன்னார். இப்போது அவள் அடித்த இடத்தில் கையெழுத்தும் போடுகிறாள், வளைத்து வளைத்து. நோட்டு முழுவதும் கையெழுத்தாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

சிலருக்கு இது தாளில் எழுதித் தீர்கிற அளவில் இருக்காது. ஒரே கதவுப் பூட்டைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர்கள், ஒரு குறைக்காகப் பல நாள் தூங்காதவர்கள், இனி எதுவும் வேண்டாம் என்ற இடத்துக்குப் போனவர்கள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலிமனாஸ் என்கிற அரசு ஆலோசனை சேவை 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இந்த எண்ணை எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி ஒட்டியும் ஆகிவிட்டது.

ஊரில் மாரியாத்தா நோம்பிக்குப் பூச்சாட்டியாயிற்று. அடுத்த வாரம் வீடு நிறைய ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் உட்கார்ந்து நோம்பிக்கென்று தனியாக மூன்று பத்தி எழுதினோம். மாவிளக்கு எடுக்கிற நேரம், வயசானவர்களுக்குப் படுக்க இடம், குடிதண்ணீர் இதெல்லாம் முதல் பத்தி. விருந்து இரண்டாவது. ஜன்னல் துடைப்பது, திரைச்சீலை துவைப்பது, பரணில் இருக்கிற பித்தளைப் பாத்திரத்தைத் தேய்ப்பது எல்லாம் மூன்றாவதில் போட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புட்டையும், அதாவது போளியையும், அதே பத்தியில் எழுதப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். "ஒப்புட்டு இல்லாம நோம்பியா? அத மேல போடு கண்ணு." மேலே போட்டேன். பருப்பு அரைத்துத் தருவது அவர், மாவு பிசைவது எங்கள் வீட்டுக்காரர், தட்டிப் போடுவது நான் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டோம். வட்டமாக வர வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.